டெவில்களும் டீமன்களும்: இந்தப் பங்காளிச் சண்டையை மேசையில் எப்படி நடத்துவது?

ஏழாம்_மாடி | ஞாயிறு, காலை 10.15

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில் சனிக்கிழமைதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதையாட்டம் நடக்கிறது. ஐந்தாம் பதிப்பு. ஆடுபவர்கள் ஐந்து பேர், கதையை நடத்துகிற டிஎம் நான். எட்டு மாதமாக இழுத்துக்கொண்டு வந்த கதை இப்போது ஒன்பது நரகங்களின் முதல் தட்டான அவெர்னஸில் வந்து நிற்கிறது. ஸ்டிக்ஸ் ஆற்றின் ஒரு கரையில் டெவில் படை, மறு கரையில் டீமன் கூட்டம். நடுவே எங்கள் ஐவரும் ஓர் ஓட்டைத் தெப்பமும்.

நேற்று ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில், மந்திரவாதியாக ஆடுகிற தம்பி கேட்டான்: “அக்கா, இரண்டும் கெட்ட கூட்டம்தானே. பிறகு எதற்காக அடித்துக்கொள்கிறார்கள்?” புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். டெவில்கள் ஒழுங்கின் பக்கம், டீமன்கள் குழப்பத்தின் பக்கம். அவன் ரோல்ஸைக் கடித்தபடியே, “அது காரணம் இல்லை அக்கா, பெயர்ப்பலகை” என்று சொல்லிவிட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை இவர்கள் இரு தரப்பையும் மோதவிட்டு இடையில் நழுவப் பார்ப்பார்கள். காரணம் விளங்காமல் அந்த மோதலை நடத்த எனக்கு மனம் வரவில்லை. இங்கே பழைய ஆட்கள் இருக்கிறீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனைக்_குறளி | ஞாயிறு, காலை 11.02

தம்பிக்கு என் பாராட்டு. அந்தப் பெயர்ப்பலகை மாட்டப்பட்ட கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள்.

டீமன்கள் 1976இல் ஒரு துணைநூலில் வந்தன. டெவில்கள் 1977இல் மான்ஸ்டர் மேனுவல் என்ற பிராணி நூலில் வந்து சேர்ந்தன. அப்போது இரண்டுக்கும் நடுவே இரத்தப் போர் என்ற பேச்சே கிடையாது. ஒழுங்கு, குழப்பம் என்று போட்ட கட்டத்தில் ஆளுக்கொரு மூலை, அவ்வளவுதான். 1980களில் அமெரிக்காவில் பெற்றோரும் மத அமைப்புகளும் இந்த ஆட்டத்தைப் பேய் வழிபாடு என்று பிடித்துக்கொண்டார்கள். 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது டீமன், டெவில் என்ற இரண்டு சொற்களும் காணாமல் போயின. 1991இல் அதே கூட்டம் தனாரி, பாட்டெசு என்ற புதுப் பெயர்களோடு திரும்பி வந்தது. திரும்பி வரும்போது கையோடு ஒரு முடிவில்லாத போரையும் கொண்டு வந்தது.

என் கட்சி இதுதான். பெயரை ஒளிக்கப் போன இடத்தில்தான் கதை பிறந்தது. அதற்கு முன்பு இந்தப் பிராணிகள் ஏதோ ஓர் அறையில் கதவைப் பார்த்துக்கொண்டு, வீரர்கள் வந்து வெட்டட்டும் என்று காத்திருந்தன. போர் வந்த பிறகுதான் அவற்றுக்கென்று ஒரு வேலை, ஒரு கவலை, ஒரு மேலதிகாரி எல்லாம் அமைந்தன. 1994இல் பிளேன்ஸ்கேப் என்ற கதைக்களத் தொகுப்பு அதையே முதுகெலும்பாக வைத்துக்கொண்டது. 2000இல் பழைய பெயர்கள் திரும்பின. போர் போகவில்லை.

பாண்_பருப்பு | ஞாயிறு, காலை 11.20

பங்காளிகள் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று யாராவது கேட்பார்களா? எங்கள் பெரியப்பா குடும்பத்தோடு வேலிச் சண்டை முப்பது வருடம். காணியை விற்ற பிறகும் நடக்கிறது.

தெகிவளைப்_பகடை | ஞாயிறு, பிற்பகல் 2.40

குறளி சொன்ன பதிப்பு வரலாறு சரி. ஆனால் பதிப்பகம் ஏன் எழுதியது என்பதற்கும் டெவில் ஏன் சண்டை பிடிக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. தம்பி கேட்டது இரண்டாவதை.

தங்கச்சி, உங்கள் ஐந்தாம் பதிப்புப் புத்தகத்தை எடுத்து ஒரே ஒரு விதியைப் பாருங்கள். டீமனை அதன் ஊரான படுகுழிக்கு வெளியே எங்கே கொன்றாலும் அது அழியாது. படுகுழியில் மறுபடி உடம்பெடுக்கும். டெவிலும் அப்படித்தான், தன் நரகத்துக்கு வெளியே செத்தால் திரும்பி வரும். சொந்த மண்ணில் செத்தால் இரண்டுக்கும் கதை முடிந்தது.

இப்போது சண்டை எங்கே நடக்கிறது? அவெர்னஸில். அது யாருடைய மண்? டெவில்களுடையது. ஆக, அந்த ஆற்றங்கரையில் விழுகிற ஒவ்வொரு டெவிலும் நிரந்தர இழப்பு. எதிரே விழுகிற டீமன் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பவும் வரும். பங்காளிச் சண்டையில் எவன் வீட்டு முற்றத்தில் கல் விழுகிறதோ அவன் வீட்டு ஓடுதான் உடையும்.

இதை வைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். டெவில்கள் ஏன் மனிதரிடம் ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டு அலைகின்றன? ஒப்பந்தத்தில் விழுந்த ஆன்மா லெமூராகிறது. உருகிய மெழுகு போல ஒரு கூழ். அதுதான் அவர்களின் அடிமட்டச் சிப்பாய். அது தப்பிப் பிழைத்தால் மேலே ஏற்றுவார்கள், தவறினால் கீழே இறக்குவார்கள். ஒவ்வொரு நாளும் படை குறைகிறது, அதை நிரப்ப ஆள் வேண்டும். பேராசையால் அலைவதாக நாம் நினைக்கிற டெவில் உண்மையில் ஆட்பற்றாக்குறையால் அலைகிறது. டீமன்களுக்கு ஒப்பந்தமும் வேண்டாம், பேரேடும் வேண்டாம். படுகுழி ஊற்று மாதிரி அவற்றைப் பொங்கிப் பொங்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான் நரகங்களின் அரசன் அஸ்மோடியஸ் “நான் இல்லாவிட்டால் டீமன்கள் உலகம் முழுவதையும் விழுங்கிவிடும், ஆகவே என் வரியைக் கட்டுங்கள்” என்று நெஞ்சை நிமிர்த்திப் பேச முடிகிறது. அதில் எரிச்சலூட்டுவது என்னவென்றால், அவன் சொல்வது பாதி உண்மை.

தம்பிக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். பெயர்ப்பலகை என்று தள்ளமாட்டான்.

ஏழாம்_மாடி | ஞாயிறு, பிற்பகல் 3.05

அண்ணா, இந்த விதியை நான் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். அவெர்னஸோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

கணக்குப்பிள்ளை_20 | ஞாயிறு, மாலை 6.30

தத்துவம் போதும், தாளில் போட்டுப் பார்ப்போம். 2014 மான்ஸ்டர் மேனுவல் கணக்கு. இரண்டு பக்கத்திலும் தலைக்கட்டு ஆட்களை நேருக்கு நேர் நிறுத்தினேன். டெவில் பக்கம் பிட் ஃபீண்டுக்கு உயிர்ப்புள்ளி 300, சவால் நிலை 20. டீமன் பக்கம் பேலோருக்கு 262, சவால் நிலை 19.

முதல் வேடிக்கை, இருவரையும் தீ தொடாது. பிட் ஃபீண்டின் தீக்கோளம் பேலோருக்கு வெந்நீர் குளியல். பேலோர் செத்து வெடிக்கும்போது கிளம்புகிற அந்தப் புகழ்பெற்ற தீயும் பிட் ஃபீண்டின் மீசையைக்கூடப் பொசுக்காது. பிட் ஃபீண்டின் நஞ்சும் பேலோரிடம் பலிக்காது. எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது வெட்டும் குத்தும், பேலோரின் வாளில் உள்ள மின்னலும்.

எல்லா அடியும் விழுகிறது என்று வையுங்கள். பிட் ஃபீண்ட் ஒரு சுற்றில் கடி 22, நகம் 17, கதாயுதம் 15, வால் 24, மொத்தம் 78. பேலோரின் வாள் மின்னலோடு சேர்ந்து 34, சாட்டை 15, மொத்தம் 49. நான்காவது சுற்றில் பேலோர் விழுந்துவிடும். பிட் ஃபீண்டை விழுத்த பேலோருக்கு ஏழு சுற்று வேண்டும்.

ஒற்றைக்கு ஒற்றை என்றால் டெவில்தான். இதில் விவாதமே இல்லை.

கொட்டாஞ்சேனைக்_குறளி | ஞாயிறு, மாலை 6.52

விவாதம் உண்டு, பிள்ளை. டீமன் எப்போது ஒற்றையாக வந்தது? வ்ரொக் என்ற டீமனின் கிறீச்சிடலை வாசித்துப் பாருங்கள். இருபது அடிக்குள் அதைக் கேட்கிறவர்கள் தாக்குப்பிடிக்காவிட்டால் விறைத்துப்போவார்கள், டீமன்களைத் தவிர. அந்த விலக்கை எழுதி வைத்தவர் அதைக் கூட்டத்தோடு கூட்டமாக ஏவிவிடத்தான் எழுதியிருக்கிறார். பிட் ஃபீண்டுக்கு அது உறைக்காது. அதைச் சுற்றி வரிசையாக நிற்கிற தாடிக்கார டெவில்களில் பாதி மரமாகிவிடும். வரிசை உடைந்தால் டெவில்களின் ஒழுங்கு எங்கே?

இன்னொன்று. டீமன்கள் ஒன்றுசேர்ந்திருந்தால் இந்தப் போர் என்றோ முடிந்திருக்கும். அவற்றின் பெரிய எதிரி டெவில் இல்லை. டெமோகோர்கனை ஓர்கஸுக்கு ஆகாது, ஓர்கஸைக் கிராஸ்டுக்கு ஆகாது, மூன்றும் டீமன்களின் இளவரசர் என்ற ஒரே பட்டத்துக்கு அடிபடுகின்றன. டெமோகோர்கனுக்குத் தலை இரண்டு. ஆமியூல், ஹெத்ராடியா என்று தலைக்கொரு பெயர். ஒன்றை ஒன்று ஒழித்துக்கட்டச் சதி செய்கின்றன. ஒரே கழுத்துப்பட்டிக்குள் பங்காளிச் சண்டை! எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகவும் பிடித்த பாத்திரம் அது.

யாழ்வழி_வந்தவள் | ஞாயிறு, இரவு 9.10

எனக்கு வேறொரு குறை. டெவில், டீமன் என்று எத்தனை நாளைக்குச் சொல்லிக்கொண்டிருப்போம்? நம்மிடம் அசுரர் இருக்கிறார்கள், அரக்கர் இருக்கிறார்கள், பூதம், குறளி, முனி என்று ஊருக்கு ஊர் ஆட்கள் இருக்கிறார்கள். டெவிலை அசுரர் என்றும் டீமனை அரக்கர் என்றும் வைத்துவிட்டால் என்ன? அசுரர் தவம் செய்வார்கள், வரம் கேட்பார்கள், வரத்தில் ஓட்டை பார்ப்பார்கள். பகலிலும் கூடாது இரவிலும் கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது வெளியிலும் கூடாது என்று இரணியன் கேட்ட வரத்தை எந்த டெவிலின் ஒப்பந்தத்துக்குப் பக்கத்திலும் வைக்கலாம்.

தெகிவளைப்_பகடை | ஞாயிறு, இரவு 9.48

நல்ல யோசனை என்றுதான் முதலில் நினைத்தேன், பிள்ளை. பிறகு ஓர் இடத்தில் இடறியது. இரணியன் ஒப்பந்தத்தை எழுதியவன் இல்லை, வாங்கியவன். ஓட்டை அவன் கண்ணுக்குத் தப்பியது, தூணிலிருந்து நரசிங்கம் வந்தது. அப்படிப் பார்த்தால் அசுரர் இருக்கிற நாற்காலியில் நம் மேசையில் இருப்பது ஆட்டக்காரர்கள். வரம் கொடுக்கிற பிரமனின் நாற்காலியில் அல்லவா டெவில் வந்து உட்கார்கிறது? இதைக் கோயிலில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

அரக்கரை டீமன் என்பதும் ஒட்டவில்லை. இராவணனுடைய இலங்கையில் அரசவை, அமைச்சர், மதில், காவல், இசை எல்லாம் இருந்தன. தம்பி வீடணன் சபையில் எழுந்து நீதி சொல்ல இடம் இருந்தது. எந்தப் படுகுழியில் அப்படி ஒரு சபை கூடியிருக்கிறது? கந்தபுராணத்தில் சிங்கமுகன் அண்ணன் சூரபன்மனிடம் தேவர்களை விட்டுவிடு என்று வாதாடுகிறான், அவன் கேட்காதபோது அவனுக்காகவே போரில் இறங்கிச் சாகிறான். இந்த ஆட்டத்தின் இரண்டு கூட்டத்திலும் அப்படி ஒரு தம்பியை நான் கண்டதில்லை. நம்முடைய ஆட்களுக்கு மனம் இருக்கிறது. அவர்களை இந்தப் பெட்டிக்குள் அடைத்தால் நமக்குத்தான் நட்டம்.

யாழ்வழி_வந்தவள் | ஞாயிறு, இரவு 10.05

சரி, பெயரை விடுகிறேன். ஆனால் அந்தப் புத்தகத்தில் ராட்சசன் என்று ஒன்றைப் போட்டிருக்கிறார்களே, அதையாவது திருத்த வேண்டாமா? 1977இலிருந்து புலித்தலை. கை திரும்பி இருக்கும், உள்ளங்கை இருக்க வேண்டிய இடத்தில் புறங்கை. பழைய பதிப்பில் மந்திரித்த குறுக்குவில் அம்பு ஒன்று பட்டால் உடனே சாவு. கம்பனில் எங்கே புலித்தலை? நான் ஒருமுறை மேசையில் “புலித்தலையோடு ஒருவன் வாசலில் நிற்கிறான்” என்று உரக்கச் சொல்லிவிட்டேன். குசினியிலிருந்து அம்மா வந்து, ஒன்றும் பேசாமல் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார்.

பாண்_பருப்பு | ஞாயிறு, இரவு 10.09

அம்மாவுக்கு வணக்கம்.

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 7.30

இழை நன்றாகப் போகிறது. பெயர் வைக்கும் விவாதத்தை வேறு இழைக்கு மாற்றலாமா என்று பார்த்தேன், பிரித்தால் இரண்டும் செத்துவிடும் போலிருக்கிறது. விட்டுவிட்டேன்.

பொரளை_முகமூடி | திங்கள், காலை 8.45

பங்காளிச் சண்டை என்று தலைப்பில் போட்டுவிட்டு நம் ஊரின் பெரிய பங்காளிச் சண்டையை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். இராவணனுக்கு முன்பு இலங்கை குபேரனுடையது, இயக்கர்களின் அரசன். இராவணனும் அவனும் ஒரு தந்தைக்குப் பிறந்தவர்கள், தாய்தான் வேறு. தம்பி அண்ணனைத் துரத்திவிட்டு நகரத்தை எடுத்துக்கொண்டான், புட்பக விமானத்தையும் பிடுங்கிக்கொண்டான். இயக்கர் ஒரு பக்கம், அரக்கர் ஒரு பக்கம். ஒழுங்கு, குழப்பம் என்ற கட்டமெல்லாம் அங்கே இல்லை. சொத்துத் தகராறு.

அதே குபேரன் சிங்கள மரபில் வெசமுனியாக இருக்கிறான். என் நண்பனின் ஊரில் ஒரு முறை சன்னி யகும என்ற நோய் தீர்க்கும் சடங்கைப் பார்த்தேன், விடிய விடிய. பதினெட்டுச் சன்னிகள், ஒவ்வொன்றும் ஒரு நோய், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகமூடி. காது கேளாத சன்னி வந்து மேளக்காரரிடம் ஏட்டிக்குப் போட்டியாகப் பதில் சொன்னபோது நோயாளியே சிரித்துவிட்டார். யாரும் யாரையும் வெட்டவில்லை. யக்குகள் என்ற இந்தப் பேய்கள் மனிதரை வருத்துவதற்கு வெசமுனியின் அனுமதி வேண்டும், அதற்கு ஓர் எல்லையும் உண்டு. காணிக்கையை வாங்கிக்கொண்டு, பகிடியையும் பொறுத்துக்கொண்டு, போய்விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் போக வேண்டும்.

ஏழாம் மாடி, உங்கள் ஆற்றங்கரையில் வாளை உருவுவதற்கு முன்பு இப்படி ஒரு பேரத்துக்கு இடம் வையுங்கள். இரண்டு படைக்கும் நடுவே பேரம் பேசுகிற ஆள் இந்த ஆட்டத்திலேயே இருக்கிறானே.

கொட்டாஞ்சேனைக்_குறளி | திங்கள், காலை 9.12

யூகோலோத்! இத்தனை பதிவு ஓடியும் அவர்களை ஒருவரும் அழைக்கவில்லை. கூலிப்படை. இன்று டெவிலுக்கு, நாளை டீமனுக்கு, கூடக் கொடுப்பவனுக்கு நடுச்சண்டையில்கூடக் கட்சி மாறுவார்கள். ஐந்தாம் பதிப்பின் கதைப்படி, அஸ்மோடியஸ் சொல்லித்தான் இரவுச் சூனியக்காரிகள் இவர்களை உண்டாக்கினார்கள். ஒருவனைத் தவிர மற்ற அத்தனை பேரின் உண்மைப் பெயரையும் நான்கு புத்தகங்களில் எழுதி வைத்தார்கள், கட்டுப்படுத்துவதற்கு. பிறகு சூனியக்காரிகளுக்குள் சண்டை வந்து புத்தகங்கள் கைமாறிப் போயின. கட்டுப்பாடும் போனது. டெவிலின் சொந்தத் திட்டம் அதன் கையை விட்டு நழுவியதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அவர்களில் ஆர்கனலோத் என்ற வகையில் ஒன்றைப் போடுங்கள். நரித்தலை, நீள அங்கி, கையில் எப்போதும் ஏதாவது ஓர் ஏடு. ஒப்பந்தம் எழுதுவதில் டெவிலே அதனிடம் பாடம் கேட்கும்.

கணக்குப்பிள்ளை_20 | திங்கள், காலை 9.40

கட்சி மாறுவது என்றால் ஆளை மயக்கி வீழ்த்துகிற சக்யுபஸை விட்டுவிட்டீர்கள். 1977இல் டீமன். 2008இல் நான்காம் பதிப்பு அதை டெவில் ஆக்கியது. 2014இல் இரண்டும் இல்லை, வெறும் ஃபீண்ட் (இந்தக் கெட்ட கூட்டம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்). ஆறு வருடத்தில் இரண்டு தாவல். நம் நாட்டில் இருந்திருந்தால் அமைச்சுப் பதவி கிடைத்திருக்கும்.

மட்டுறுத்துநர் | திங்கள், காலை 9.44

அரசியல் வேண்டாம். (சிரித்தேன்.)

தெகிவளைப்_பகடை | திங்கள், இரவு 8.20

தங்கச்சி, ஒரு சின்ன யோசனை. ஒப்பந்தத்தை வாயால் சொல்லாதீர்கள். எழுதிக் கையில் கொடுங்கள். 2022இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு நாட்களில் நாங்கள் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஆடினோம். பகடை உருண்டு எங்கே போனது என்றே தெரியாது, மைலோ டின்னுக்குள் ஒன்றிலிருந்து இருபது வரை சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கி எடுத்தோம். அந்த இருட்டில் டிஎம் ஒரு கடதாசியை நீட்டி “கையெழுத்துப் போடு” என்றார். நான் நிஜமாகவே பேனையைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பயம் எந்த வர்ணனையிலும் வராது.

ஏழாம்_மாடி | ஞாயிறு, காலை 9.50

நேற்று நடந்தது. கடன் பட்டிருப்பதால் சொல்லிவிடுகிறேன்.

ஆர்கனலோத்தை இறக்கினேன். சீஆர் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, ஏழு வரியில் ஒப்பந்தம் எழுதி, அடியில் ஒரு பழைய தபால் முத்திரையையும் ஒட்டி நீட்டினேன். முத்திரையைக் கண்டதும் ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அண்ணா சொன்னது உண்மை. முதல் வரி, இவர்களைப் பத்திரமாகக் கரை சேர்ப்பது. மூன்றாம் வரி, கூலியாக ஐவரில் ஒருவருடைய உண்மைப் பெயர். பூசகராக ஆடுகிற அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை வாசித்துவிட்டு, “எந்தக் கரை என்று போடவில்லையே” என்றார். அதற்குள் நால்வர் கையெழுத்துப் போட்டாயிற்று.

தெகிவளை அண்ணாவின் விதியை மந்திரவாதித் தம்பிக்கு முன்பே சொல்லியிருந்தேன். அவன் அதை ஆர்கனலோத்திடமே திருப்பினான். “இந்தக் கரையில் செத்தால் டெவிலுக்கு நட்டம், டீமனுக்கு இல்லை. அப்படியானால் உன்னிடம் கூடுதலாகக் கொடுக்கப் போவது யார்?” என்று கேட்டான். நரித்தலை பதில் சொல்லாமல் ஏட்டைப் புரட்டியது. இரு தரப்பிடமும் எங்களை ஏற்கெனவே விற்றுவிட்டது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. காட்டுவீரனாக ஆடுகிறவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தெப்பத்தின் விளிம்பில் நின்ற அதை அப்படியே ஆற்றுக்குள் தள்ளிவிட்டான்.

எங்கள் மேசையில் ஸ்டிக்ஸ் நீர் நினைவைத் துடைக்கும். ஆர்கனலோத்துக்காகப் பகடையை உருட்டினேன், இரண்டு விழுந்தது. பிடித்து மேலே ஏற்றியபோது அதற்குத் தன் பெயர் தெரியவில்லை, இவர்கள் யார் என்று தெரியவில்லை. நனைந்த அங்கிக்குள் ஒரு கடதாசி இருப்பது மட்டும் கைக்குத் தட்டுப்பட்டது. எழுத்தும் மறந்துபோயிருந்தது. எடுத்து நீட்டி, “இதில் என்ன எழுதியிருக்கிறது? கொஞ்சம் வாசித்துச் சொல்ல முடியுமா?” என்று கேட்டது.

வாசித்துக் காட்டியது அந்தத் தம்பிதான். முதல் வரியில் “வடகரை” என்று ஒரு சொல் புதிதாக முளைத்தது. மூன்றாம் வரியை அவன் வாசிக்கவே இல்லை.